மைலுக்கு ஓர் அடி

இலவசம் என்றார்கள்.
ராத்திரி ஒன்பதரைக்கு வகுப்பு.
தலைஞாயிற்றில் எனக்குச் சிக்னல்
ரேஷன் கடைப் படியில்தான்.

முகட்டிலிருந்து தொடங்குங்கள் என்றார்
புனேயிலிருந்து பேசியவர்.
கல் தடுப்பு, சம உயர வரப்பு,
ஓடும் நீரை நிறுத்தும் வழி.
எங்களூரில்
நிற்கிற நீரை ஓட்டத்தான் ஆள் இல்லை.

உங்கள் ஊரில் உயரமான இடம் எது?
யோசித்து,
ரைஸ்மில் எதிரே வேகத்தடை
என்று அடித்தேன்.
சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது
ஜார்க்கண்டிலிருந்து.

மூன்றாம் பாடத்தில் படம்:
மலையில் பெய்து, ஓடையில் இறங்கி,
குளம் நிரப்பி, கிணறு நிரப்பி
கீழே வருமுன்
வட்டம் சுற்றத் தொடங்கியது.
அன்றைய டேட்டா தீர்ந்தது.
கடைமடைக்காரிக்கு இது புதிதா?
மேட்டூர் திறந்த சேதி ஆனியில் வரும்,
தண்ணீர் வர ஆடி கழியும்.

ஒப்படைப்பு:
உங்கள் நீர்ப்பிடிப்பின் எல்லையை வரைக.
விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனேன்,
நீடாமங்கலம், கல்லணை, பவானி,
குடகில் ஏதோ ஒரு காப்பித் தோட்டம்.
அந்தத் தோட்டக்காரர்
வகுப்பில் சேர்ந்திருக்கிறாரா?
பட்டியலில் தேடினேன்.
இல்லை.

விடிந்ததும் மண்வெட்டியோடு போய்
வடிகால் குமிழியை அடைத்திருந்த ஆகாயத்தாமரையை
நானும் செல்லக்கிளியும் இழுத்துப் போட்டோம்.
அவளுக்கு அட்டை கடித்தது.
கறுத்த தண்ணீர்
கொஞ்சம் தயங்கி,
பிறகு கிழக்கே நகர்ந்தது.

படம் எடுத்து அனுப்பினேன்.
சரிவு தெரியவில்லையே என்று
பதில் குறிப்பு.

மைலுக்கு ஓர் அடி, சார்.
உற்றுப் பாருங்கள்.