கால் சுற்று

நாலாம் நம்பர் பிழை காட்டுதாம்.
நாலு நாளாய் அது மட்டுந்தான் காட்டுதாம்.
மனேஜர் ஜெரோன் சொன்னதை
ஹெல்மெட்டுக்குள் செருகிய போனில் கேட்டபடி போனேன்.
கடற்கரை வீதி நடுவே இரண்டு மான்கள்
பொலித்தீன் பை ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றன.
யோசித்து முடியும்வரை நானும் நின்றேன்.

உப்புவெளி. விடுதிக் குசினி.
கடலைப் பார்த்த பக்கம் விருந்தாளிகள்,
மதிலைப் பார்த்த பக்கம் மெசின்:
ஆள் உயரத்தில் உருக்கு,
நெஞ்சில் சிவப்பாய் ஒரு நாலு.
பக்கத்துத் தொட்டியில்
முழங்கைவரை நுரையோடு எமில்டா.
காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் நூற்றிப்பத்துப் பீங்கான்.

"தண்ணி வருது, நிரம்புதில்லை."
பிறகு மனேஜர் குரலைத் தணித்தார்.
"ஆரும் வேணுமெண்டு செய்தினமோ தெரியாது.
இது ஓடினா ரெண்டு பேரை நிப்பாட்டலாம் எண்டு
முதலாளி சொன்னவர்."
தணித்த குரல் உருக்கில் பட்டு
நல்ல தெளிவாய்த் திரும்பி வந்தது.
கரண்டிகள் கொஞ்சம் உரக்கக் கழுவப்பட்டன.

வெளியிலிருந்து உள்ளே போவதுதான் என் வழக்கம்.
டாங்கியில் பாதிக்கு மேல் தண்ணீர்.
குழாயில் மடிப்பில்லை.
மெசினுக்குப் பின்னால்
ஒரு கை மட்டும் நுழையும் இடுக்கில் வால்வு.
தடவினேன்.
பித்தளைக் காது
நிற்கவேண்டிய இடம் விட்டுக்
கால் சுற்று விலகி நின்றது.
இடுக்கெல்லாம் தூசி,
காது மட்டும் பளிச்.

திறந்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.
கரண்டிச் சத்தம் நின்றது.

பொத்தானை அமர்த்த, தண்ணீர் பாய்ந்து
ஒரு சாண் ஏறி
நின்றது.
மறுபடி நாலு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவவுக்குத்தான் ஆச்சரியம்;
தொட்டியை விட்டு வந்து பின்னால் நின்றா.

வாய்க்குள் இருந்த வடியைக் கழற்றினேன்:
துரு, மணல், கந்தளாயிலிருந்து
பைப்பு வழியே நடந்து வந்த ஏதோ ஒரு பச்சை.
பழைய பல்பிரஷால் தேய்த்தேன்.
சுருளுக்கு மீற்றர் பிடித்தேன். உயிர் இருந்தது.
மிச்சம் மிதவை.

அடியில், காளான் குடைபோல ஒரு பிளாஸ்ரிக்.
தண்ணீர் ஏற ஏறவேணும், இறங்க இறங்கவேணும்.
இதுவோ ஏறின இடத்திலேயே நின்று
காய்ந்த வயிற்றோடு
"போதும், போதும்" என்றுகொண்டிருந்தது.
குடைக்குக் கீழே குறுக்கே
ஒரு சூடை மீன் முள்,
உப்புப் படிந்து கல்லாகி.

குறட்டால் இழுத்தேன்.
இப்போது ஏறியது. உருக்கில் காது வைத்துக் கேட்டேன்.
எமில்டாவும் வைத்தா, கன்னத்தில் நுரையோடு.
"இது நிரம்புற சத்தமோ?"
"ஓம். நிரம்பினா டக் எண்டும்."
டக்.
"எத்தினை சூட்டிலை கழுவும்?"
"அறுபதுக்கு மேல."
"கன்னியாவிலை ஏழு கிணறு இருந்தும்
ஒண்டும் இந்தச் சூடில்லை," என்றா,
சிரிக்காமல்.

பில் எழுதினேன்.
வடி சுத்தம். மிதவை சரி. மீன் முள் ஒன்று.
வால்வுக்கு வரி ஒதுக்கவில்லை.
"ஆற்ற பிழை?" என்றார் மனேஜர்.
"சூடையின்ர."

அதற்குள் முதல் தட்டை அவவே அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தா.
பார்த்தேன்: எல்லாப் பீங்கானிலும்
முள்ளும் கறிவேப்பிலையும் அப்படியே.
"தட்டிப்போட்டெல்லோ வைக்கவேணும் அக்கா."
"அதை ஏன் எனக்குச் சொல்லுறீங்கள்?
தட்டுறதுக்கு ஆள் வேணுமெண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

மூடியிருந்த பேனையைத் திறந்து
பில்லின் அடியில், இருந்த இடைவெளியில்,
நெருக்கி எழுதினேன்:
முள் தட்டாமல் ஓட்டினால் உத்தரவாதம் இல்லை.
ஆள் கட்டாயம்.

மனேஜர் இரண்டு தரம் வாசித்தார்.
"எத்தினை பேர்?"

தொட்டியடியில் இன்னொரு சோடிச் செருப்பு கிடந்தது.
"ரெண்டு," என்றேன்.