எழுபதுக்கு மேலே

சிலோயே தீவுக்கூட்டத்தில்
மழை ஒரு செய்தி அல்ல.
படகு வருமா வராதா என்பதுதான் செய்தி.

துறைமுக வானொலி அறையில் எனக்கு
ஒரு விறகடுப்பு, ஒரு ஒலிவாங்கி,
கட்டம் போட்ட நோட்டு ஒன்று.
சின்னத் தீவுகளிலிருந்து அழைப்பு வந்தால்
நான்கு கேள்வி கேட்பேன்:
பெயர், தீவு, வயது,
மூச்சு எப்படி.
நான்காவதைக் கேட்கும்போது மட்டும்
பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

போன குளிர்காலம் முழுக்க
வயதுக் கட்டத்தில் ஒரே சாயல் எண்கள்:
எழுபத்துநான்கு. எண்பத்தொன்று. எழுபத்தொன்பது.
ருப்பெர்த்தோ மில்யலோன்கோ
ஆம்புலன்ஸ் படகை அணைக்காமலே வைத்திருந்தான்.
புறப்படும்போது இருமல் கேட்ட படகில்
சில நாள்
துறை சேரும் முன்பே
மோட்டார் சத்தம் மட்டும் மிஞ்சும்.

என் அண்ணன் எலியோதோரோவும்
அந்த நோட்டில்தான் இருக்கிறான்,
என் கையெழுத்தில்.
டிசம்பர். எழுபத்திரண்டு.
அவன் வீட்டிலும் அதே நான்கு கேள்விதான் கேட்டேன்,
முதல் மூன்றுக்கும் விடை தெரிந்திருந்தும்.

பிப்ரவரியில் ஊசி வந்தது,
மீன் அனுப்புகிற மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டியில்.
ருப்பெர்த்தோ அதை மடியில் வைத்துக்கொண்டு
ஒற்றைக் கையால் படகோட்டினான்.
மூத்தவர்கள் முதலில் என்றார்கள்.
மர தேவாலயத்தின் தாழ்வாரத்தில்
கம்பளிச் சட்டையிலிருந்து ஒரு தோளை மட்டும் உருவி
உட்கார்ந்திருந்தார்கள்,
பாதி உரித்த வெங்காயங்கள் போல,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

மார்ச்சில் மறுபடி ஏறியது.
அழைப்புக்குமேல் அழைப்பு.
நாற்பத்தைந்து, முப்பத்தெட்டு, ஐம்பத்தொன்று...
பக்கத்தின் அடியில் கை நின்றது.
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு துழாவுவதுபோல்
கண் அந்தக் கட்டத்தில் எதையோ தேடிற்று.
எழுபதைக் காணோம்.

மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.
டாக்டர் யாஸ்னா புராடானிச் சூடு கண்ட பூனை.
"ஒரு பக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.
பயந்துபோய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்களோ என்னவோ.
அடுத்த வாரமும் பாருங்கள்."
அடுத்த வாரமும் படித்துக் காட்டினேன்.
"இன்னும் முடியாது" என்றார்,
ஆனால் போனை வைக்கவில்லை.

மூன்றாவது வாரம்
எழுபதுக்கு மேலே ஒரே ஒருவர்.
எழுபத்தாறு வயது.
படகின் படியில் தானே ஏறினாராம்,
தாங்க வந்த கையைத் தட்டிவிட்டு.
மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
"அந்தப் பக்கத்தை மறுபடி படியுங்கள்.
மெதுவாக."

படித்தேன்.
படித்தபடியே கணக்கும் போட்டேன்,
யாரும் கேட்காத கணக்கு:
அண்ணனுக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கும் இடையே
ஐம்பத்திரண்டு நாள்.
அந்த நாற்பத்தைந்து வயதுக்காரி
இன்னும் குழாயோடுதான் கிடக்கிறாள்.
மகிழ்ச்சி என்று இதற்குப் பெயர் வைக்க
வாய் வரவில்லை.
ஆனாலும் அன்றிரவு
அடுப்பில் ஒரு விறகு அதிகம் வைத்தேன்.

ஏப்ரல், ஆப்பிள் பழுக்கும் காலம்.
விளக்கேற்றும் நேரத்தில் ஓர் அழைப்பு.
பெயர்: பெலார்மினோ நவெல்கின்.
தீவு: லின்லின்.
வயது: எண்பத்துமூன்று.

பேனாவைக் கீழே வைத்தேன்.
மூச்சு எப்படி?

"மூச்சுக்கு என்ன கேடு!
மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு
கூடையை யாரும் தொடக்கூடாதென்று
கத்திக்கொண்டு கிடக்கிறார்."

எனக்கே கேட்டது பின்னால்,
சபையில் சொல்லத்தகாத ஒரு வார்த்தை,
நுரையீரல் கொள்ளாத சத்தத்தில்.

ருப்பெர்த்தோவைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னேன்.
"எண்பத்துமூன்றா?"
இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.

கால், என்றேன்.
வெறும் கால்தான்.