வழுவமைதி

ஞாயிறு, விடியுமுன் ஐந்தேகால்.
ப்ளூ லகூன் வண்டி நிறுத்தத்தில் பதினோரு சைக்கிள்கள்.
பன்னிரண்டாவது என்னுடையது.
இருட்டிலும் அடையாளம் தெரியும்:
அதற்கு மட்டும்தான் ஸ்டாண்டு உண்டு.
மற்றவை சுவரில் சாய்ந்தபடி
யாராவது படம் எடுக்கட்டும் என்று காத்திருக்கின்றன.

பிரெகாசன் மூட்லி, பல் மருத்துவர்,
மாடு வாங்க வந்தவர் மாதிரி என் வண்டியைச் சுற்றிவந்து
குனிந்து, பல்சக்கரத்தில் பல்லை எண்ணுகிறார்.
எழுதாத சட்டம் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.
காலுறை கணுக்காலுக்கு மேல் நான்கு விரல்;
மூன்று என்றால் டென்னிஸ், ஐந்து என்றால் ஆடம்பரம்.
கண்ணாடிக் காம்பு தலைக்கவச வாருக்கு வெளியே.
டயரின் எழுத்து காற்று வால்வுக்கு நேரே.
காலில் முடி கூடாது, இருக்கைக்குக் கீழே பை கூடாது,
மேடு ஏறும்போது உயிர் போனாலும்
முகத்தில் காட்டக் கூடாது.

சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்,
ஒற்று மிகும் இடம், மிகா இடம்
இரண்டிலும் அடி வாங்கியவன் நான்.
எங்கே போடுவது என்று தெரியாமல்
எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் ஒரு ‘க்’ வைப்பேன்.
அதே கைதான் இந்த வண்டியையும் பூட்டியது.
மணி. பின்னால் பார்க்கும் கண்ணாடி. மட்கார்டு.
முன்னால் கூடை, அதில் மழைக்கோட்டு.
ஆரக்கம்பியில் ஆரஞ்சு வில்லை.
காலுறையில் அன்னாசிப்பழங்கள்;
ஒன்று நீளம், ஒன்று குட்டை,
குட்டை என் மகள் கெரீஷாவுடையது.

காலை மழித்தால் வேகம் கூடுமாம்.
நான் நகராட்சிக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன்.
வாரத்தில் ஐந்து நாள்
ஊர் நாய்கள் எனக்கு வேகம் கற்றுத் தருகின்றன.
ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

எம் ஃபோரில் வடக்கே.
வலப்புறம் கடல், கரும்பலகையைத் துடைத்த ஈரத்துணி போல.
முன்னே இரண்டிரண்டு பேராக அவர்கள்;
அரைச் சக்கரம் முந்தினாலும் குற்றம்.
வாலில் நானும் நோசிஃபோவும்.
அங்கே காற்று குறைவு, பேச்சு அதிகம்.
எங்கள் தலைக்கு மேலே ஹடீடாக்கள்
ஒழுங்கில்லாமல், கர்ணகடூரமாய், மிகுந்த சந்தோஷத்தோடு
பறந்து போகின்றன.
உம்ஷ்லாங்காவில் கலங்கரை விளக்கம்:
வெள்ளைக் காலுறையை இடுப்புவரை இழுத்துவிட்டு
சிவப்புத் தொப்பியோடு நிற்கிறது.
டாக்டர் பார்த்தால் திருத்திவிடுவார்.

சிபாயா மேட்டில்தான் அது நடந்தது.
நாங்கள் எல்லோரும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க
ஓர் ஆள், செருப்புக் கால், பின்னால் ஒரு மூட்டை,
சீட்டி அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.
பேட்டரி வண்டி.

‘மோட்டார் வைத்தால் அது சைக்கிளா?’

யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன்.
நான்தான்.

மூன்று வருடத்தில் முதல் முறையாக
பிரெகாசன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
வெள்ளை வெளேரென்று, வரிசை குலையாமல்,
ஓர் ஒற்றுப்பிழை இல்லாத பல்.

நோசிஃபோ ஒன்றும் சொல்லவில்லை.
அன்னாசிப்பழங்களைப் பார்த்தாள், அவ்வளவுதான்.
காது சுட்டது எனக்கு.
வேறென்ன செய்ய, மணியை அடித்தேன்:
ட்ரிங், ட்ரிங், மேடு முடியும்வரை.
செருப்புக்காரர் திரும்பாமலே
ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

திரும்பி வந்ததும் அவர்கள்
கைவிரல் அளவுக் கோப்பையில் பால் இல்லாத காப்பி குடித்தார்கள்.
நான் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
பீன்ஸ் பன்னி சௌவைப் பிய்த்துத் தின்றேன்.
அந்த வகுப்பில் ஒரே ஒரு பாடம் மண்டையில் ஏறியது.
பிழைதான், தெரியும், போகட்டும் விடு என்று
இலக்கணமே இறங்கிவரும் ஓர் இடம் உண்டாம்.
அதற்கு ஒரு பெயரும் உண்டாம்.
நான் அங்கேதான் வண்டியை நிறுத்துகிறேன், ஸ்டாண்டு போட்டு.

டாக்டர் என் பக்கம் வந்து நின்றார்.
நிழல் ரொட்டிமேல் விழுந்தது.
‘எந்தக் கடை?’ என்றார், சற்றே தணிந்த குரலில்.

சொல்ல வாய் திறந்தேன்.
குழம்பு ஒரு சொட்டு, சரியாக, குட்டைக் காலுறையில்.
கெரீஷா கொல்லப்போகிறாள்.