ஆறு மெய்

காபியைத் தட்டிவிட்டது என் முழங்கைதான்.
ஏற்காட்டுக் கொட்டை, நயம் சரக்கு, பாதி டம்ளர்.
ஈ, யூ, ஐ, ஓ நாலும் ஒரே வரிசைக்காரர்கள்,
ஒன்றாக மூழ்கினார்கள்.
ஏ கொஞ்ச நேரம் விக்கியது,
ஒருமுறை அழுத்தினால் எட்டு ஏ,
பிறகு அதுவும் இல்லை.
யூவை ஒட்டியே உட்கார்ந்திருந்த ஒய் மட்டும்
சட்டை நனையாமல் தப்பித்தது.

புது கீ போர்டு ஐந்து ரோட்டிலிருந்து வர
நாலு மணி ஆகுமாம்.
இம்மானுவேல் சார் போனை வைத்துவிட்டார்.
வெளியே பெஞ்சில் பாவாயி,
பக்கத்தில் புருஷன் அர்த்தநாரி.
அயோத்தியாப்பட்டணம் சேகோ மில்லில்
ஜவ்வரிசி காயப்போடுகிறவர்.
நெஞ்சில் தடவிய ஜெல் இன்னும் ஈரம்.
சட்டைப் பொத்தானை
ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கிறார்.

தட்டிப் பார்த்தேன்.
என் ஆர் எம் எல். எஸ் என் எஸ்.
தலையில் புள்ளி வைத்த எழுத்துகள் மாதிரி
வரிசையில் நின்றன, வாயைத் திறக்காமல்.
நார்மல் என்ற சொல்லுக்குள்
இவ்வளவு நெரிசல் இருக்கும் என்று யார் கண்டது.
நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு.
இலக்கங்களுக்குச் சேதமில்லை.

அடுத்த சொல், ரிதம்.
ஆர் எச் ஒய் டி எச் எம்.
யாரிடமும் கை நீட்டாமல் முழுசாக வந்தது.
எட்டாம் வகுப்பில் இதற்குள்
ஒரு ஐயும் ஒரு ஏயும் வைத்ததற்காக
குகை ஸ்கூல் வராந்தாவில் மதியம் வரை நின்றேன்.
இருதயத்தின் நடைக்குப் போய்
ஆறு மெய்யைக் கோத்து
ஓர் உயிரும் வைக்காமல் விட்டவனை
அன்றைக்கே மனசுக்குள் திட்டி முடித்தாயிற்று.

மிச்சத்துக்கு வழி உண்டு.
பழைய ரிப்போர்ட்டைத் திறந்து
மௌஸால் ஓர் ஓவைக் கிள்ளி இங்கே ஒட்டலாம்.
மேலே கிடந்தது நேற்றைய ஃபைல்.
ஓவைத் தொட்டு நீலமாக்கிய பிறகுதான்
பெயரைப் பார்த்தேன்.
கிச்சிப்பாளையத்துக்காரர்.
ராத்திரி தாண்டவில்லை என்று
காலையில் பில் பாக்கி கட்ட வந்த மகன் சொன்னான்.
பாக்கி நூற்றைம்பது. சில்லறையாகவே கொடுத்தான்.

எழுத்துதானே.
எழுத்துதான்.
ஃபைலை மூடிவிட்டேன்.

ஓட்டப் பந்தயத்துக்குச் சர்ட்டிபிகேட் கேட்டு
போன வாரம் வந்தாளே ரிஸ்வானா, பதினாலு வயசு,
கிளிப் மாட்டும்போதெல்லாம் கூச்சத்தில் சிரித்து
மூன்று தடவை கோட்டைக் கெடுத்தவள்,
அவளுடையதைத் தேடித் திறந்தேன்.
ஓர் ஓ, ஓர் ஏ, ஓர் ஐ, ஒரு யூ.
நாலையும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.
அவளுக்குக் குறையவில்லை, சரிபார்த்தேன்.

பிரிண்டர் காகிதத்தைத் துப்புமுன்பே
பாவாயி கவுண்டரில் சாய்ந்துவிட்டாள்.
"என்னம்மா போட்டிருக்குது?"
"நார்மல்."
அவள் திரும்பி, பெஞ்சுக்கும் ரோட்டுக்கும்
பஸ் ஸ்டாப்புக்கும் கேட்கிற மாதிரி,
"நார்மலு! நார்மலுங்கறாங்க!"

எந்த ரிப்போர்ட்டிலும் இல்லாத ஓர் உகரம்,
நான் ஒட்டாதது,
கடைசியில் தானாக வந்து ஏறியிருந்தது.

அர்த்தநாரி குனிந்து
பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி,
மேலிருந்து மறுபடி போட ஆரம்பித்தார்.