மாற்று

காலை ஏழே கால்.
தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்து.
பாதி தூக்கிய ஷட்டருக்குள்
குனிந்து நுழைகிறேன், வெறும் வயிறோடு,
பதினாலு நாளாக மாத்திரையும் இல்லாமல்.
(எட்டு வருஷமாகப் பல் துலக்குமுன் ஒன்று.)
ரோஸ்லின் ரப்பர் பட்டையை இறுக்குகிறாள்.
"கையை மூடுங்கண்ணே."
மூடிய கையின் நகக்கண்ணில்
நேற்றைய உரைகல்லின் கறுப்பு.

நகைக்கடன் கம்பெனியில் மதிப்பீட்டாளன் நான்.
அறுக்காமல், உருக்காமல்,
கல்லில் ஒரு கோடு இழுத்து
அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு
கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்த்து
ஒரு வீட்டின் அந்த மாதத்தைச் சொல்லிவிடுபவன்.
மெதுவாகத்தான் சொல்வேன்:
"மாற்றுக் கொஞ்சம் கம்மிம்மா."

என் வயிற்றை யாரும் அப்படி உரசிப் பார்த்ததில்லை.
நெஞ்சு கரித்தால் அமிலம், ஏப்பம் வந்தால் அமிலம்;
மருந்துக்கடைக்காரரும் சொன்னார், மச்சானும் சொன்னான்.
அமிலத்தோடு புழங்குகிறவனுக்கு
வேறென்ன வியாதி வரும் என்று நானும் இருந்துவிட்டேன்.
ரெண்டு இட்லியில் வயிறு கல்யாணப் பந்தியாக நிறைந்தது.
செருப்புக் கழன்றது தெரியாமல்
சிலம்பணிப் பிள்ளையார் கோயில் வரை
ஒற்றைக் காலில் மண்ணோடு நடந்திருக்கிறேன்.

டாக்டர் மெஹருன்னிசா வயிற்றை அமுக்கவில்லை.
நாக்கைத்தான் நீட்டச் சொன்னார்.
எழுத்துத் தேய்ந்த காசு மாதிரி வழவழவென்று இருந்ததாம்.
"முதல்ல ரத்தத்துல பார்ப்போம். குழாய் விடுறது அப்புறம்."

ரெண்டு குப்பி, ஒரு ஐஸ் டப்பா,
பத்து மணி மதுரை வண்டி.
கண்டக்டர் இருக்கைக்கு அடியில்
தேன்குழல் டின்களோடு இடித்துக்கொண்டு
போய்விட்டது என் வயிறு, லக்கேஜ் டிக்கெட்டில்.

நாலாம் நாள் தாள் வந்தது.
பெப்சினோஜன் ஒன்று: பதினைந்து. முப்பதாவது வேண்டுமாம்.
அதை ரெண்டாம் பெப்சினோஜனால் வகுத்தால்
மூன்றுக்கு மேல் வரவேண்டும். எனக்கு ஒன்றரை.
"மாற்றுக் கம்மி" என்றேன்.
டாக்டருக்குப் புரியவில்லை.

காஸ்ட்ரின் மட்டும் எட்டு மடங்கு.
அமிலம் கேட்டு வயிற்றைக் கூப்பிடுகிற சுரப்பாம் அது.
பதில் வராவிட்டால் இன்னும் கத்துமாம்.
எனக்கு அந்தக் குரல் தெரியும்.
எங்கள் ஆபீஸ் சௌந்தர்யா பத்திலிருந்து ஆறு வரை:
"ஹலோ, வட்டி கட்டலையே, ஏலத்துக்குப் போயிடும் சார்,
ஹலோ,
ஹலோ."
அந்தப் பக்கம் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
எடுக்க ஆளே இல்லாமலும் இருக்கலாம்.

அமிலம் அதிகம் இல்லை.
அமிலமே இல்லை.
அணைந்த அடுப்பில்
எட்டு வருஷம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

"உள்சுவர் மெலிஞ்சு போயிருக்கணும்" என்றார்.
"போயிருக்கணும்னா?"
"ரத்தம் இவ்வளவுதான் சொல்லும்.
கேமரா விட்டு, ஒரு துணுக்குக் கிள்ளி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.
போன ஆடியில் கண்டனூரிலிருந்து அழகுமீனாள்
ஒரு பட்டை வளையல் கொண்டு வந்தாள்.
கோடு அசையாமல் நின்றது.
கைக்குத்தான் கனம் சரியாகப் படவில்லை.
"கல் இவ்வளவுதாம்மா சொல்லும்.
ஓரத்துல ஒரு வெட்டுப் போட்டுப் பார்க்கணும்."
வளையலை வாங்கி
இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
மின்விசிறி ஒருமுறை நின்று மறுபடி சுற்றியது.
"சின்னதாப் போடுங்க" என்றாள் கடைசியில்.

உள்ளே என்ன இருந்தது என்பது
எனக்கும் அவளுக்கும் கம்பெனிக்கும் உள்ள விஷயம்.

செவ்வாய்க்கிழமை மதுரை. பத்து மணி டோக்கன்.
பி-பன்னிரண்டு ஊசி போட்ட இடது தோள் வலிக்கிறது.
வலது கையால்
அமிலக் குப்பியின் மூடியைத் திருகித் திறக்கிறேன்.
முதல் ஆள் நிற்கிறார், தோட்டைக் கழற்றியபடி.