ஐந்தாவது கோடு குறுக்கே

காலை எட்டரைக்கு இந்தத் தொலைபேசியை
விழிக்கச் செய்பவள் நான்.
வடக்கு மெயினில், உருளைக்கிழங்கு வயல்கள் முடியும் இடத்தில்
மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை,
ஒரு கொடி, பிரதிநிதியின் சிரிக்கும் படம்.
அவர் இங்கே இல்லை. தலைநகரில் இருக்கிறார்.
அவரிடம் பேசுவதாக நினைத்து
நீங்கள் என்னிடம் பேசுகிறீர்கள்.

பெயர். அஞ்சல் குறியீடு. வேண்டும் அல்லது வேண்டாம்.
நான்கு கோடு நேராக,
ஐந்தாவது குறுக்கே.
மாலை ஐந்துக்கு எண்ணிக்கை மட்டும் மேலே போகும்.
உங்களுக்குத் தொண்டை அடைத்தது போகாது.

வியாழக்கிழமை வாக்கெடுப்பு.
சிற்றூர் மருத்துவமனைகளின் மானியத்தை வெட்டும் மசோதா.
தேறிவிட்டால் எங்கள் பிரசவப் பிரிவுக்குப் பூட்டு.
அடுத்தது நாற்பத்தேழு மைல்,
அதுவும் பனி வாரும் வண்டி முன்னால் போயிருந்தால்.

திங்களன்று வந்தவை பதினொன்று.

லியோனா சீர் பேசினாள்:
"என் மகள் டிரக்கின் முன்சீட்டில் பிறந்தாள்,
ஹீட்டர் வேலை செய்யவில்லை,
என் கணவர் தன் தொப்பியில் அவளைச் சுற்றினார்.
இதையெல்லாம் எழுதிக்கொள்வீர்களா?"
எழுதினேன்.
தொப்பியின் நிறத்தைக்கூடக் கேட்டு எழுதினேன்.
அனுப்பியது ஒரு கோடு.

ஒருவர் அச்சடித்த தாளைப் படித்தார்.
'உங்கள் ஊரின் பெயர்' என்ற இடம் வந்ததும்
'உங்கள் ஊரின் பெயர்' என்றே படித்தார்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு அதற்கும் போட்டேன்.

ஒருவர் என்னைத் திட்டினார், ஆறு நிமிடம்,
நான்தான் மசோதாவைப் பெற்று வளர்த்தவள் போல.
மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்,
"அங்கேயும் பனி கொட்டுகிறதா?"
கொட்டுகிறது என்றேன்.
பத்திரமாக வீடு போ என்றார்.

இன்னொருவர் பேசவே இல்லை.
பின்னால் ஒரு டிராக்டர் உறுமியது.
"ஒன்றுமில்லை" என்று வைத்துவிட்டார்.
ஊமை கண்ட கனவுக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள்.
இங்கே அழுவதற்கும்
ஓர் எண்ணை அழுத்த வேண்டியிருக்கிறது.

அழுத்துங்கள்.
பேசத் தெரியாது என்கிறீர்கள், யாருக்குத் தெரியும்?
படத்தில் சிரிப்பவருக்கே நான்தான் எழுதித் தருகிறேன்.
நடுவில் தடுமாறுங்கள். மறந்துபோங்கள்.
நாய் குரைக்கட்டும், அடுப்பில் ஏதாவது தீயட்டும்,
நான் காத்திருப்பேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பக்கத்து வீட்டார் பேசியிருப்பார் என்று
நீங்கள் நினைக்கிறீர்கள்.
பக்கத்து வீட்டாரும் உங்களைப் பற்றி அதையே.
நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்
கூர் சீவிய பென்சிலோடு.

செவ்வாய், ஒன்பது.
கரடி வேட்டைக்கான நாளை நீட்டச் சொல்லிப் போன மாதம்
ஒரே காலையில் எழுபது வந்தன.
கரடிகள் பேசவில்லை.

புதன் மதியம்.
ஊழியர்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி,
ஆனால் உணவு இடைவேளை என்னுடையது.
கீழே போய் உறைந்த காரில் உட்கார்ந்து
என் அலுவலகத்துக்கு நானே போட்டேன்.
எடுத்தது என் குரல்:
"உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்."
இரண்டு வருடமாக அதைச் சொல்கிறேன்.
யாரிடமோ முதல்முறை கேட்பது போலிருந்தது.

பிறகு மணியொலி. பிறகு வெறும் நாடா.
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், சும்மா பேசுங்கள் என்று!
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
கண்ணாடியில் என் மூச்சு வெள்ளையாகப் படிந்து
வெளியே எதுவும் தெரியவில்லை.

மாடியேறி வந்தேன். சிவப்பு விளக்கு சிமிட்டியது.
ஒரு பெண் இருமினாள், மன்னிப்புக் கேட்டாள்,
ஷெர்லீன் ஊலெட் என்றாள்,
குறியீட்டில் ஓர் எண்ணை மாற்றிச் சொல்லித் திருத்தினாள்.
வேண்டாம், மூட வேண்டாம், என்றாள்.
காரணம் சொல்வதற்குள் நாடா தீர்ந்துவிட்டது.

தாளில் நான்கு நின்றிருந்தன.
போட்டேன், குறுக்கே.

மணி இரண்டேகால்.
ஐந்து வரை இருக்கிறேன்.