பூவரசு

ஸரெம்பாவின் மூன்றாவது நாவலை
மஞ்சக்குப்பத்து மாடியறையில்
தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
அட்டையில் வரப்போவது
ஓய்வுபெற்ற துறைத்தலைவர் ஒருவரின் பெயர்.
சிப்காட் நாற்றம் காற்றோடு ஏறிவரும் ராத்திரிகளில்
ஜன்னலைச் சாத்திவிட்டு
போலந்தின் பனிக்குள் வியர்த்துக்கொண்டிருப்பேன்.

இருபத்துநான்கு வயதில்
நியூயார்க்கில் இறங்கி ஆங்கிலம் படித்தவர் ஸரெம்பா.
விருந்துக்கு விருந்து ஒரு பிறந்த ஊர் சொன்னார்.
எல்லாப் புகைப்படத்திலும் பாதி முகம் நிழல்.
வாக்கியங்களை எழுதியது அவரே இல்லை,
கூலிக்கு வைத்த மூன்று பேர் என்றார்கள்.
இதைப் படித்தபோது
என் பேனா கொஞ்சம் நின்றது.

அறுபத்தோராம் பக்கத்தில்
ஒரு சிறுவன் சுண்ணாம்புக் காளவாயில் ஒளிந்திருக்கிறான்.
பதினோரு இரவுகள்.
தட்டிய கதவெல்லாம் அவனை அடித்த கதவு.

ஆனால் அந்தச் சிறுவன்
போர் முடியும்வரை
பீட்ரூட் விவசாயி ஒருவரின் அடுக்களையில்தான் இருந்தானாம்.
அவனுக்கென்று தனியாக ஒரு மரக்கரண்டி இருந்ததாம்.
நாற்பது வருஷம் கழித்து அந்த விவசாயியின் மகள்
புத்தகத்தில் தன் ஊரைத் தேடிப்போய்
கல்லெறியும் கூட்டத்தில்
தன் அம்மாவின் நொண்டிக் காலைக் கண்டுபிடித்தாள்.
இதெல்லாம் பின்னிணைப்பில் இருக்கிறது.
பின்னிணைப்பு வேண்டாம் என்கிறார் துறைத்தலைவர்.
பக்கம் கூடுமாம்.

கடல் தேவனாம்பட்டினத்துக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை
எனக்கு ஒன்பது வயது.
நெல்லிக்குப்பத்தில் சித்தி வீட்டில்
டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முகாமில் மைக்கோடு வந்தவர்
"எப்படிம்மா தப்பிச்சே?" என்றார்.
கேட்டது எனக்கு முன்னால் நின்ற அஞ்சலாட்சியை.
அவள் வாய் திறக்கவில்லை.
முந்தின ராத்திரி ஒரே பாயில் படுத்து
அவள் என் காதில் சொன்னதை
நான் சொன்னேன்.
பூவரசைப் பனையாக்கினேன்.
மூன்று மணி நேரத்தை எட்டாக்கினேன்.
பனையை எட்டு மணி நேரம் கட்டிப்பிடித்த பிள்ளைக்கு
நெஞ்சில் சிராய்ப்பு எங்கே என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
மைக் வைத்திருந்தவர் அழுதார்.
அந்தக் கண்ணீரில்தான் எனக்குக் கான்வென்ட்,
விடுதி, ஆங்கில இலக்கியம்,
இந்த நூற்றைம்பது ரூபாய்.

எங்கள் வீடும் போயிருந்தது.
அப்பாவும்.
அதுவே போதுமான கதை.
அதை ஏன் சொல்லவில்லை என்று
இன்றைக்கும் தெரியவில்லை.

நேற்று முதுநகர் துறைமுகத்தில்
அஞ்சலாட்சியிடம் அரைக் கிலோ சங்கரா வாங்கினேன்.
அவள் செதில் சீவிக்கொண்டிருக்க
ஸரெம்பாவைச் சொன்னேன்,
காளவாயை, கரண்டியை.
பிறகு
இருபது வருஷமாகச் சொல்லாததை.

சிரித்தாள்.
"அதான் அப்பவே டிவில பாத்தேனே.
எங்க வூட்டுக்காரருக்கு, புள்ளைங்களுக்கு
எல்லாம் பனைன்னுதான் சொல்லியிருக்கேன்.
நீ சொன்னது நல்லாருந்துச்சுடி.
இப்ப கண்ண மூடுனா
பனைதான் வருது."

கத்தியை வாளித் தண்ணீரில் கழுவினாள்.
பையை நீட்டியவள் நீட்டியபடியே கேட்டாள்:
"அது பூவரசா?"

என்னிடம் கேட்கிறாள்.
நெல்லிக்குப்பத்தில் இருந்தவளிடம்.

இரவு அறுபத்தோராம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
பதினோரு இரவுகளை
பதினோரு இரவுகள் என்றே எழுதினேன்.
ஒன்றுகூடக் குறைக்கவில்லை.
பிறகு காளவாயின் வாயருகே,
சாம்பலில் பாதி புதைந்து கிடக்கும்படி,
ஒரு மரக்கரண்டியை வைத்தேன்.

மூலத்தில் அது இல்லை.
துறைத்தலைவர் கண்டுபிடிக்க மாட்டார்.
அவர் மூலத்தைப் பிரித்ததே இல்லை.